தண்ணீர் படாத ஒட்டு

அன்று அந்த அறையில் முதலில் மூன்று பேர் இருந்தோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சாய்வு நாற்காலியில் அண்ணன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் பின்பக்கம் இருந்தால்தான் அவருக்குத் தோதுப்படுகிறது. தையல் மெஷினுக்கு முன்னால் கிடக்கும் முக்காலியில் அண்ணி. மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. அதன்மேல் முழங்கையை ஊன்றியிருந்தார். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் நான், கடிதத் தாளும் பேனாவும் கீழே வைத்து எழுத ஒரு பழைய அட்டையுமாக. படகு பழுதுபார்க்கும் யார்டின் மேஸ்திரி பிறகு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, பேன்ட்டில் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கதவோரம் இருந்த மரப்பெட்டியின்மேல் அமர்ந்துகொண்டார்.

யாரைப் பற்றிப் பேச உட்கார்ந்தோமோ அவர் அங்கே இல்லை. அவர் அண்ணியின் தம்பி. தையல்காரர். மனைவி இறந்த பிறகு அக்கா வீட்டு மாடியறைக்கு வந்து, இந்த முன்னறையிலேயே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர். படகை உடைத்த அடுத்த நாளே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் கத்தரிக்கோலை எடுத்துப் போகவில்லை.

அவர் மகள் முந்தின நாள் அண்ணிக்குப் போன் செய்திருந்தாள். "அத்தை, அப்பா துணியையே தொட மாட்டேங்கிறாரு. பாப்பாவோட ஸ்கூல் பாவாடைய ஒரு விரக்கட குறைச்சுத் தாங்கப்பான்னு குடுத்தேன். கடையில குடும்மா, என் கையை நம்ப முடியாதுங்கிறாரு. நாப்பது வருஷம் தைச்ச மனுஷன் அத்தை. எனக்குப் பயமா இருக்கு." அண்ணி போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னால், அவர் தூரத்திலிருந்தே, "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று குரல் கொடுத்தாராம். அண்ணன் பேசுகிறார் என்றால் எழுந்து வெளியிலேயே போய்விடுகிறார். அதனால்தான் கடிதம். எங்கள் குடும்பத்தில் போனில் முடியாத காரியம் என் மேஜைக்கு வரும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம், அவ்வளவுதான். ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். அண்ணன் கப்பலில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றதும், யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கினார். வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பார். அண்ணி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தார். "உங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டால், "சின்ன வீட்டுக்குப் போயிருக்காரு" என்பார். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

அந்தச் சின்ன வீட்டுக்குத் தினமும் கூடப் போனவர் தையல்காரர். இருவரும் பாய் விரித்தால் கரையில் இருக்கிற யாரையும் நினைக்க மாட்டார்கள். கடலில் அத்தான் சொல்வதுதான் அவருக்குச் சட்டம். "இழு" என்றால் இழுப்பார். "விடு" என்றால் விடுவார். ஏன் என்று கேட்ட வழக்கமில்லை.

ஒரு புயலில் கயிறு அறுந்து, நீருக்குள் மறைந்திருந்த பழைய கான்கிரீட் தூண் ஒன்றில் படகு மோதிவிட்டது. அடிவயிற்றில், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நொறுங்கிப்போனது. யார்டில் தூக்கி இரும்புக் கால்கள்மேல் நிறுத்தினார்கள். அண்ணன் கிரைண்டர் எடுத்து, உடைந்ததை எல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, ஓட்டையின் விளிம்பை ஆழமில்லாத கிண்ணத்தின் உட்புறம்போல் மெல்ல மெல்லச் சரித்துத் தேய்த்தார். அந்தச் சரிவில்தான் பிசினில் தோய்த்த துணியின் புதிய அடுக்குகள் உட்கார வேண்டும். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து ஈரம் கசிந்தது. பழைய ஃபைபர் வருஷக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அது முழுக்க உலராமல் மேலே பிசினைப் பூசினால் பிடிக்காது.

அப்படித்தான் அண்ணனின் தண்ணீர்ப் போர் தொடங்கியது. படகைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே சூட்டு விளக்குகளைத் தொங்கவிட்டார். ஈரம் காட்டும் மீட்டரைக் காலையும் மாலையும் படகின்மேல் வைத்து, ஜுரம் பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். தார்ப்பாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. குடிக்கிற பாட்டில் வெளியே. டீ வெளியே. மழையில் நனைந்த செருப்பு வெளியே. யார்டு ஆட்களுக்கும் அனுமதி இல்லை.

"அத்தான், வேர்த்து ஊத்துதே, அதுவும் தண்ணிக் கணக்குல வருமா?" என்று கேட்டார் தையல்காரர்.

"வரும். தலையில துண்டக் கட்டு."

"அழுகை வந்தா?"

"வெளிய போய் அழுதுட்டு, மூஞ்சத் தொடச்சுட்டு வா."

பிளாஸ்கோடு போன அண்ணியை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். "நான் ரெண்டு பிள்ளை பெத்தப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு பதறலை" என்று திரும்பி வந்து என்னிடம் புலம்பினார்.

மாதங்கள் போயின. மீட்டர் முள் இறங்கியது. துணி வெட்டும் வேலை தையல்காரருக்கு. கண்ணாடி இழைத் துணி, பார்க்க வெள்ளைச் சாக்கு மாதிரி இருக்கும்; வெட்டினால் விளிம்பு பிரிந்துகொண்டே போகும். அவர் காகிதத்தில் வட்டங்கள் வரைந்து, சிறியதிலிருந்து பெரியது வரை ஒன்றைவிட ஒன்று இரண்டு விரல் கூடுதலாக வெட்டி, மார்க்கர் பேனாவால் எண் போட்டு இந்த மேஜைமேல்தான் அடுக்கிவைத்திருந்தார். "அக்காவோட சக்களத்திக்கு ரவிக்கை தைக்கிறேன்" என்றார். "இவ்வளவு வசதியான அளவு எனக்கு இதுவரை கிடைச்சதில்லை. மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏமாத்த மாட்டா."

எல்லாம் தயாரான வேளையில் அண்ணனின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. தள்ளிப்போட்டால் அடுத்த தேதி எப்போதோ. பிசின் டப்பாக்களையும் ரோலரையும் மச்சினரிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரே நாளில் எல்லா அடுக்கையும் போட்டால் பிசின் சூடேறிப் பொங்கிவிடும் என்பதால், தினமும் சில அடுக்குகளாக, தையல்காரர் தனியாகவே மூன்று நாளில் போட்டு முடித்தார். மேலே வழித்துத் தேய்த்துப் பெயின்டும் அடித்தார். அண்ணன் கண் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து தடவிப் பார்த்தபோது ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. "மாப்பிள்ளை, உனக்கு யூனிஃபாரம் தைக்கிற வேலை எதுக்குடா?" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. தையல்காரர் அதை அன்று மாலைக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன், படகைச் சோதிக்கும் சர்வேயர் வந்து சான்று தர வேண்டும். அன்றைக்கு நானும் யார்டில் இருந்தேன். சர்வேயர் சின்னச் சுத்தி ஒன்றால் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று கெட்டியாகக் கேட்டுவந்த சத்தம், ஒட்டுப் போட்ட இடத்தில் பொத்தென்றானது. மறுபடி தட்டினார். பொத். மேஸ்திரியிடம் ஒரு பட்டைக் கத்தி வாங்கி, விளிம்பில் செருகி நெம்பினார். ஒட்டின் மேல்பாகம் பலகை மாதிரி அப்படியே எழுந்து வந்தது.

 முதலில் வாயைத் திறந்தவர் தையல்காரர்தான். "என் கை தப்பு சார். நான் சரியா அமுக்கலை போல இருக்கு. அத்தான் எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு."

அண்ணன் அந்த உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, விடு" என்றார்.

இரண்டே வார்த்தை. தையல்காரரின் முகம் அப்போது எப்படிப் போனது என்று பார்த்தவன் நான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மேஸ்திரி எவ்வளவோ சொன்னார். ஒட்டை எடுத்துவிட்டு அடுத்த பருவத்துக்குள் திரும்பப் போடலாம், இடம் நான் ஒதுக்கித் தருகிறேன் என்றார். அண்ணன் கேட்கவில்லை. "வேணாம். வயசாயிடுச்சு அதுக்கு. உடைச்சுடுங்க" என்றார். ரம்பம் வைத்து அறுத்துத் துண்டுபோட்டார்கள். தையல்காரர் யார்டு கேட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இதுதான் நாங்கள் கடிதம் எழுத உட்காரும்வரை நடந்தது.

அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அன்புள்ள மாப்பிள்ளைக்கு. இங்கு அனைவரும் நலம். நடந்தது நடந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. படகுக்கும் வயதாகிவிட்டது. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல்..."

"இருங்க" என்றார் அண்ணி. "யாரையும் குறை சொல்றதுக்கில்லைன்னா என்ன அர்த்தம்? உன்னைக் குறை சொல்லாம விட்டுட்டேன்னுதானே?"

"வேற எப்படி எழுதச் சொல்ற?"

"தெரியலை. ஆனா இதப் படிச்சா என் தம்பி இன்னும் சுருண்டுபோவான். கொழுந்தனாரே, அந்த வரிய அடிங்க."

அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று மூவரும் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஒரு சாக்குப்பையோடு வந்தார். படகிலிருந்து கழற்றிய சாமான்கள்: சுக்கான் கட்டை, இரண்டு கப்பி, ஒரு பித்தளை விளக்கு. கடைசியாக, இரண்டு கையால் பிடிக்கிற அளவில் ஒரு ஃபைபர் துண்டு.

"மத்தது எல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு சார். இது நம்ம தையல்காரர் போட்ட ஒட்டு. தூக்கிப்போட மனசு வரலை."

அண்ணன் கை நீட்டவில்லை. அண்ணிதான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பாவி, இதுக்குத்தான் ராவும் பகலும் கெடந்தான்" என்று அதன் ஓரத்தைத் தடவினார். அது மூன்று பலகையாகப் பிரிந்துவந்தது.

"அம்மா, ஒண்ணு பாருங்க" என்று மேஸ்திரி ஒரு பலகையை வாங்கி, முழங்காலில் வைத்து வளைக்கப் பார்த்தார். அசையவில்லை. பெட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. "கல்லு மாதிரி இருக்கு. ஒரு காத்துக்குமிழிகூட இல்ல. அவரு அமுக்கலைன்னாரே, இதவிட யாரு அமுக்குவா? ஒரே நாள்ல போட்டதெல்லாம் ஒரு கட்டா நிக்குது. நாள் மாறுற எடத்துல மட்டும் பிரியுது."

"ஏன் பிரியுது?"

"இந்தப் பிசினோட புத்திம்மா அது. ராத்திரி காயும்போது மேல மெழுகு மாதிரி ஒண்ணு கசியும். காலையில தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. கழுவலைன்னா ஒட்டாது. நாங்க யாராச்சும் உள்ள போயிருந்தா சொல்லியிருப்போம். சார் தார்ப்பாய்க்குள்ள ஆள விடலை. தையல்காரர் அவ்வளவு கூரான மனுஷன், இத எப்படிக் கவனிக்காம விட்டாருன்னுதான் எனக்குப் புரியலை."

அண்ணி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தார்.

"மெழுகு மாதிரியா?"

"ஆமாம்மா. தொட்டா வழவழன்னு இருக்கும்."

"கவனிச்சான்" என்றார் அண்ணி. "கவனிச்சுக் கேட்டான்."

அண்ணன் நாற்காலியில் அசைந்தார்.

"ஏங்க, உங்களுக்கு ஞாபகம் இல்ல? ஆஸ்பத்திரியில கண்ணக் கட்டிப் போட்டிருந்தாங்க. நான்தானே போனை உங்க காதுல பிடிச்சிட்டிருந்தேன். சத்தமாப் பேசுவானே, எனக்கும் கேட்டுச்சு. 'அத்தான், நேத்துப் போட்டது மேல மெழுகு தடவின மாதிரி வழவழன்னு இருக்கு, ஈரத்துணி போட்டுத் தேச்சு எடுத்துடட்டுமா?'ன்னு கேட்டான். நீங்க படுக்கையில எந்திரிக்கப் பாத்தீங்க. 'தண்ணிய அது கிட்டக் கொண்டுபோன, கொன்னுடுவேன்! காஞ்ச துணியால ஒரு தொடை தொடைச்சுட்டு மேல போடு'ன்னீங்க. நர்ஸ் வந்து உங்களை அதட்டிப் படுக்கவச்சா. போன்ல அவனும் இங்க நானும் சிரிச்சோம்."

மேஸ்திரி பலகையை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் கெளம்பட்டுமாம்மா?"

"உக்காருங்க. டீ போடறேன்" என்றார் அண்ணி. ஆனால் எழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

"தெரியும்" என்றார் அண்ணன்.

"என்ன தெரியும்?"

"கழுவணும்னு தெரியும். டப்பாமேல போட்டிருக்கு. நானே அடியில கோடு இழுத்து வச்சிருந்தேன். போன்ல அவன் ஈரத்துணின்னதும்... அத்தனை மாசமா தண்ணி கூடாது, தண்ணி கூடாதுன்னு கத்திக் கத்தி, அதுவா வாயில வந்துடுச்சு. அப்புறம் எனக்கு நினைப்பே இல்ல. சத்தியமா இல்ல."

"எப்ப நினைப்பு வந்துச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சர்வேயர் நெம்பினாரே, அப்ப. உள்பக்கம் பளபளன்னு இருந்துச்சு. நல்லா ஒட்டிப் பிஞ்சிருந்தா சொரசொரன்னு இருக்கும். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் வாயத் தொறக்கலை?"

"தொறக்கத்தான் போனேன். அதுக்குள்ள அவன் என் கை தப்புன்னுட்டான். யார்டு ஆளுங்க எல்லாம் என்ஜினியர் சார், என்ஜினியர் சார்னு சுத்தி நிக்கிறாங்க. ஒரு நிமிஷம் தள்ளிப்போச்சு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். அப்புறம் அந்த ஒரு நிமிஷம் பெருசாயிக்கிட்டே போயிடுச்சு."

"அதுக்காகத்தான் மறுபடி போட வேணாம்னீங்களா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி. குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"போட்டா நீ பக்கத்துல வந்து நிப்பியே. முதல் கேள்வியே, போன தடவை கழுவினீங்களான்னுதான் கேப்ப. அவனும் நிப்பான்."

"நல்ல படகு சார் அது" என்றார் மேஸ்திரி. 

அண்ணி எழுந்து உள்ளே போனார். டீ போடும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் கீழே வேகமாக வைக்கப்பட்டது. டம்ளர்களோடு வந்து மேஸ்திரிக்கும் எனக்கும் கையில் கொடுத்தார். அண்ணனுடையதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு முக்காலிக்குப் போனார்.

"கொழுந்தனாரே" என்றார். "உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. கடுதாசி எழுதறதா உத்தேசம் உண்டா, இல்ல பேனாவ மூடி வச்சுடலாமான்னு."

அண்ணன் மூன்று முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. "எழுதிக்கடா" என்றார். புதுத் தாள் எடுத்தேன்.

"அன்புள்ள மாப்பிள்ளைக்கு. நான் மருத்துவமனையில் இருந்த சமயத்தில், தொலைபேசி வழியாகத் தகவல் தெரிவித்ததில் ஏற்பட்ட குறைபாட்டின் காரணமாக..."

"உங்க அண்ணன் கப்பல் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பறாரு போல" என்றார் அண்ணி. "குறைபாடு எங்கிருந்து வந்து ஏற்பட்டுச்சாம்? பஸ் ஏறி வந்துச்சாமா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்து, டீயை அவசரமாக விழுங்கினார். அண்ணன் எழுந்து மேஜைக்கு வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். தாளைக் கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிவைத்து, அவரே எழுதத் தொடங்கினார். புதுக் கண்ணுக்கு எழுத்து இன்னும் பழகவில்லை. வரிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. ஒவ்வொரு வரிக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். முடித்ததும் என்னிடம் கொடுக்காமல், அண்ணியின் பக்கமாக மேஜைமேல் நகர்த்தினார். அண்ணி எழுந்து வந்து எடுத்துச் சத்தமாகவே படித்தார்.

"மாப்பிள்ளை, வழவழப்பாக இருக்கிறது, ஈரத்துணியால் தேய்க்கட்டுமா என்று நீ கேட்டாய். நான் கூடாது என்றேன். தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். ஒட்டு உரிந்ததற்குக் காரணம் அதுதான். உன் கை இல்லை, என் வாய். அன்றைக்கு யார்டில் நின்றபோதே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் உன்னைத் தலைகுனிய விட்டேன். படகையும் அதற்காகத்தான் உடைக்கச் சொன்னேன்."

படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை. "ஒண்ணு விட்டுப்போச்சு. அவன் போட்ட அடுக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. அவனுக்கு வேண்டியது அதுதான்."

அண்ணன் எழுதினார்: "நீ போட்ட ஒவ்வொரு நாள் வேலையும் கல் மாதிரி நிற்கிறது. மேஸ்திரி அடித்தே பார்த்தார்."

"அவரே பாக்கட்டுமேம்மா" என்று மேஸ்திரி இடுப்பிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்தார். பலகை ஒன்றின் ஓரத்திலிருந்து, விரல் நீளத்துக்கு ஒரு சில்லு அறுத்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி என் கையில் கொடுத்தார். வெட்டிய பக்கத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகி, இடையில் நூல் நுழைய இடமில்லாமல் இருந்தன.

"வரச்சொல்லி ஒரு வரி சேர்த்துக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

அண்ணி புருஷனைப் பார்த்தார். அன்று அந்தப் பேச்சுக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"வேணாம்" என்றார் அண்ணன். "உண்மைய இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்லிட்டு, கையோட அவனையும் வான்னா, கூலி கேக்கற மாதிரி இருக்கும். வரணும்னு தோணினா வரட்டும். திட்டணும்னாலும் வரட்டும்."

கையெழுத்துப் போட்டார். நான் தாளை மடித்து, சில்லைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தேன். அண்ணி உறையின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். முகவரியை நான் எழுதினேன்.

தபால் ஆபீசுக்கு அண்ணனும் என்னோடு வந்தார். வழியில் தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிகளின் தூரம் இன்னும் பிடிபடவில்லை. நடைபாதைக்கு வந்த பிறகும் விடவில்லை.

"ஒட்டு உரிஞ்ச அன்னைக்கு ராத்திரி, உங்க அண்ணி தலைவலின்னு படுத்துட்டா" என்றார். "எனக்குக் கண்ணுல மருந்து விடணும். அவன்தான் வந்து விட்டான். தலையப் பின்னால சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, 'மேல பாருங்க அத்தான், சிமிட்டாதீங்க'ன்னான். அவன் மூஞ்சி எனக்கு நேரா மேல இருந்துச்சுடா. பக்கத்துல வேற ஆளு இல்ல. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

பிடித்த கையோடு நடந்தோம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். "உள்ள கெட்டியா என்ன சார்?"

"ஃபைபர் துண்டு. சாம்பிள்" என்றேன்.

ரிஜிஸ்டர் தபாலுக்கான சீட்டை ஒட்டினாள். அண்ணன் ஜன்னல் கம்பியை நெருங்கிக் குனிந்தார். "அவர் கையிலயே குடுப்பாங்களாம்மா?"

"வீட்டுல யார் இருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம் சார்."

"அவர் வாங்க மாட்டேன்னுட்டா?"

"திரும்ப உங்களுக்கே வந்துடும்."

அண்ணன் தலையாட்டினார். அந்தப் பெண் முத்திரையை இரண்டு முறை குத்தி, ரசீதை என்னிடம் நீட்டிவிட்டு, உறையைப் பின்னால் திறந்திருந்த பைக்குள் போட்டாள்.